என்னைப் பார்த்துச் சிரிக்காத பலகை

முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தீயணைப்பு வண்டி ஓட்டியவன் நான். நான் வருகிறேன் என்றால் ஊரே ஒதுங்கும். பேருந்து ஒதுங்கும், மந்திரியின் கார் ஒதுங்கும், ஒருமுறை ஒரு மரமே இரண்டடி ஒதுங்கி நின்றது. மரம் விஷயத்தை என் மனைவி மட்டும் இன்னும் நம்பவில்லை. அப்பேர்ப்பட்ட என்னை, ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கம்பத்தில் தொங்குகிற பலகை மதிக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சாலையில் போலீஸ்காரர்கள் மாட்டிய பலகை அது. உள்ளே ராடார் இருக்கிறது. எதிரே வருகிற வண்டியின் வேகத்தை அளந்து எண்ணாகக் காட்டும். அளவாக வந்தால் பச்சை முகம் ஒன்று சிரிக்கும். மீறி வந்தால் சிவப்பு முகம் உர்ரென்று முறைக்கும். காரைப் பார்த்துச் சிரித்தது. லாரியைப் பார்த்துச் சிரித்தது. பால் வண்டிக்கு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. நான் என் மோட்டார் சைக்கிளில், பின்னால் மனைவியோடு, புது மாப்பிள்ளை தோரணையில் வந்தால் மட்டும் கரண்ட் போன டிவி மாதிரி கறுத்துப்போய் நிற்கும்.

"அதுக்கும் உங்களைப் பிடிக்கலை போல" என்பாள் மனைவி.

இதை நான் மனசோடு வைத்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் புலம்பிவிட்டேன். அவள் அதே ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரமே வந்தது வினை. ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து ரொட்டி வேன் ஒன்று சட்டென்று வெளியே பாய்ந்தது. நான் பிரேக் பிடித்த வேகத்தில் என் உயிர் எனக்கு முன்னால் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். வேன்காரர் இறங்கி ஓடி வந்தார். "பெரியவரே, சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லை!" நல்லவேளை, அன்று மனைவி பின்னால் இல்லை.

கட்டுப் போட்டது யார்? மகள்தான். போட்டு முடித்ததும் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்கப்பா."

"ஒரு சிராய்ப்புக்கா?"

"மிஷின் கண்ணுக்கே தெரியாத ஆளு, மனுஷன் கண்ணுக்கு எப்படிப்பா தெரிவீங்க? தினம் எத்தனை பேரைத் தூக்கிட்டு வர்றாங்க தெரியுமா? மோதினவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணேதான். பார்க்கவே இல்லை, பார்க்கவே இல்லை." மிச்சக் கட்டுத்துணியைச் சுருட்டி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நானே வந்து நிக்கிறேன். அந்தப் பலகை உங்களைப் பார்த்துச் சிரிச்சா சாவி உங்களுக்கு. இல்லைன்னா வண்டியை வித்துடலாம்."

வண்டி போனால் நான் வீட்டில் இன்னொரு நாற்காலி. அதுவும் பேசுகிற நாற்காலி. இந்த ஆபத்து மனைவிக்கும் புரிந்தது. அதனால்தான் அவளுடைய பெரிய எவர்சில்வர் தட்டுகளை எடுத்து வண்டியின் முகப்பில் நான் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் சத்தம் போடவில்லை. தலையில் மட்டும் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது, வண்டியா, பாத்திரக் கடையா?"

"உலோகம்னா ராடாருக்கு உசிரு."

"எனக்கும் என் தட்டுன்னா உசிரு. முதல்ல போய் விவரம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க."

பலகைக்குக் கொஞ்சம் தள்ளி, கையில் ராடார் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்கார அம்மா நிற்பார். மீறிப் போகிறவர்களுக்குச் சீட்டு எழுதுவது அவர் வேலை. ஒரு தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனேன்.

"அம்மா, மோட்டார் சைக்கிள் ராடாருக்குத் தெரியாதாமே?"

"யார் சொன்னா? அதை நம்பிப் பறந்தவங்க கட்டின அபராதத்துலயே ஒரு பாலம் கட்டலாம்." சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தூரத்து லாரிமேல் நீட்டினார். உடனே எண் வந்தது. "லாரிக்கு உடம்பு பெருசு. அலை பட்டு நல்லாத் திரும்பி வரும், அதனால தூரத்துலயே தெரியும். பைக் ஒல்லி. கொஞ்சம் கிட்ட வரணும். ஆனா கண்டிப்பாத் தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சிரிக்க மாட்டேங்குது?"

"ஐயா, நீங்க எங்கே ரோட்டுல வர்றீங்க?" அவர் சிரித்தேவிட்டார். "தினமும் பார்க்கிறேனே! ஓரத்துல நிறுத்தியிருக்கிற வேன்களுக்குப் பின்னாடி நுழைஞ்சு நுழைஞ்சு வர்றீங்க. கார் வந்தா ஒதுங்குறீங்க, சைக்கிள் வந்தா ஒதுங்குறீங்க. அன்னிக்கு ஒரு நாய்க்கு வழி விட்டீங்க! பஸ் உங்களை முந்துது, பலகை பஸ்ஸைப் பிடிச்சுக்குது. உங்களுக்கு வரவேண்டிய சிரிப்பு பஸ்ஸுக்குப் போயிடுது."

வழி விடாதவர்களைத் திட்டித் திட்டியே பாதித் தொண்டையை இழந்தவன் நான். வேலையை விட்ட அன்றே முடிவு செய்திருந்தேன்: இனி என் பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தாராளத்தில் சாலை முழுவதையும் ஊருக்கு எழுதிவைத்துவிட்டு, சாக்கடை மூடிகளை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் சொன்னேன்.

"சைரன் கேட்டா ஒதுங்குங்க. வேகமாப் போறவன் முந்தட்டும், தப்பில்லை. அதுக்காக நீங்க காணாமப் போகணுமா? உங்க பாதையில நடுவுல வாங்க. பலகைக்கும் தெரிவீங்க, கேட்டுல இருந்து வர்றவனுக்கும் தெரிவீங்க. தட்டை வீட்டுல அம்மாகிட்டத் திருப்பிக் குடுத்துடுங்க."

இத்தனை நாளும் என்னை யாருமே பார்க்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒருவர் தினமும், நாய் உட்பட, பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! கும்பிடு போட்டேன். தட்டு கீழே விழுந்து உருண்டு, அதுவும் ஓரமாகவே போனது.

ஞாயிற்றுக்கிழமை. கம்பத்தடியில் போலீஸ்கார அம்மா, பக்கத்தில் டூட்டிக்குக் கிளம்பிய உடையில் மகள். பத்து நிமிஷத்துக்கு மட்டும் சாவியைத் தந்திருந்தாள். "நானும் வருவேன், தோத்தா சேர்ந்தே தோப்போம்" என்று மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாதையின் நடுவில் வந்தேன். அது எவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்தது, விமானமே இறக்கலாம். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே ஓரத்துக்குத் திரும்பப் பார்த்தன. இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"ஒதுங்கினீங்க, நான் இறங்கி நடந்துடுவேன்!"

ஒதுங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு வெள்ளை மூக்கு நீண்டது. அதே ரொட்டி வேன். வேன் நின்றது. வேன்காரர் என்னை நேராகப் பார்த்து, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், "போங்க பெரியவரே" என்று சைகை காட்டினார். நகரமே ஒதுங்கியபோது ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. அந்த ஒரு ரொட்டி வேனுக்குக் கண்கலங்கிப் போய்த் தலையாட்டினேன்.

நிமிர்ந்தால், பலகை! முப்பத்தெட்டு. கீழே பச்சை முகம், இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாகச் சிரிக்கிறது. பலகைக்குக் காது இல்லையே என்பீர்கள். அன்று இருந்தது.

"சிரிச்சிடுச்சு!" என்று மனைவி என் முதுகில் அடித்த அடியில் வேகம் நாற்பதாகியிருக்கும்.

வண்டியை நிறுத்தினேன். போலீஸ்கார அம்மா கை தட்டினார். மகள் தட்டவில்லை. அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. ரொட்டி வேன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் நின்னாருப்பா" என்றாள் மெதுவாக.

"பார்த்தாரும்மா. அதான் நின்னாரு."

சாவிக்காகக் கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்தாள். விபத்துப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து எந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறாதவள் அவள்.

"அம்மா, நீ இறங்கு. அப்பா என்னை டூட்டிக்கு விடட்டும்."

மனைவி இறங்கினாள். மகள் ஏறி உட்கார்ந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான்?" என்றாள் மனைவி.

"நீ நடந்து வாம்மா" என்றாள் மகள். "ஓரமா வா."