இரண்டாம் குழுவில் செல்லசாமி மாமா

உதியன்குளங்கரை ஜங்ஷனில் என் மூஞ்சி தொங்குகிறது. நகைக்கடை விளம்பரத்துக்கும் டியூஷன் சென்டர் விளம்பரத்துக்கும் நடுவில், ஆளுயரத்தில், கறுப்புத் தொப்பியும் கவுனும் போட்டுக்கொண்டு சிரிக்கிறேன். 'நாட்டின் பெருமை டாக்டர் ஜிஷா' என்று மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் அடித்திருக்கிறார்கள். பேச்சு, மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கூடும் மாநாடு ஒன்று போன மாதம் டில்லியில் நடந்தது. அங்கே இந்த ஆண்டின் சிறந்த முனைவர் பட்ட ஆய்வு என்று என்னுடையதற்குப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசை வைத்து ஜெர்மனியில் வேலையும் கிடைத்துவிட்டது, ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் இத்தனை கூத்தும். மூன்று நாளாக அந்த வழியில் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். 'பிள்ளைக்கு என்னா அடக்கம் பாரு' என்கிறார்கள். அடக்கமாம், மண்ணாங்கட்டி.

இன்று காலை சிஜு போன் பண்ணினான். பள்ளிக்கூடத்தில் என் கூடப் படித்தவன், இப்போது ஊர் வாசகசாலையின் செயலாளர். பாராட்டு விழா நடத்துவது அவன்தான்.

"ஜிஷா, ஆறு மணி, மறந்துராத. ஒரு சர்ப்ரைஸ் உண்டு கேட்டியா."

"எலே, சர்ப்ரைஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒரு பொன்னாடையோட முடி."

"அது நடக்காது. கமிட்டியில தீருமானிச்சாச்சு. பிரசிடெண்ட் கையால மொமெண்டோ வாங்கினா என்ன ரசம் உண்டு? உன்னால பேச்சு திரும்பின ஒருத்தரு கையால வாங்கணும். ஓமனா மாமி தானா வந்து சொன்னாவ, செல்லசாமி மாமனைக் கூட்டிட்டு வாறேன்னு."

"அவருக்கு எங்கலே பேச்சு திரும்பிச்சு?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. "சரி" என்று வைத்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் நல்ல பிள்ளையாக ஒரு 'சரி' போடுவது, அதுதான் என் வியாதி.

செல்லசாமி மாமா எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு, ஓமனா மாமி அவர் மனைவி. பனச்சமூடு சந்தையில் வாழைக்குலை ஏலம் விளித்தவர். இருபத்தைந்து வருஷம், மைக் இல்லாமல். அவர் "ஒருதரம்" என்று எடுத்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். சின்ன வயதில் அப்பா குலை கொண்டுபோகும்போது நானும் ஒட்டிக்கொண்டு போவேன். "எலே மக்கா, அங்ஙன என்னத்த பாக்க? ஏத்தன்குலை நாணிச்சு நிக்கி, சீக்கிரம் கேளு" என்பார். நேந்திரங்குலைக்கு வெட்கமாம்! கூட்டம் சிரிக்கும், சிரித்த வாயோடு விலையை ஏற்றிக் கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரையில், அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஐம்பத்திரண்டு வயது. வலது கை தளர்ந்தது, பேச்சு போயிற்று. போனது பேச்சு மட்டும்தான். சொன்னது புரியும், ஆள் தெரியும், கோபம் வரும். சொல்ல நினைத்த வார்த்தை மட்டும் வராது. சந்தைக்காரர்கள் நல்லவர்கள். "ஓணம் வரைக்கும் அவருக்க இடத்துல வேற ஆளைப் போட மாட்டோம்" என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இடையில் நாலு மாதம். அதற்குள் அவர் விளித்தாக வேண்டும்.

அப்போது நான் ஆராய்ச்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். இந்த எல்லைப் பக்கத்தில் யாரும் தனித் தமிழும் பேசுவதில்லை, தனி மலையாளமும் பேசுவதில்லை. ஸ்ட்ரோக்கில் பேச்சு போனவருக்கு, வீட்டில் புழங்கும் அந்தக் கலப்பிலேயே சீக்கிரமாகப் பயிற்சி கொடுத்தால் பேச்சு திரும்புமா என்பது என் கேள்வி. மொத்தம் இருபத்து நாலு பேர். பன்னிரண்டு பேருக்கு உடனே பயிற்சி, அது முதல் குழு. மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பயிற்சி, அது இரண்டாம் குழு. அந்த மூன்று மாதமும் இரண்டு குழுவுக்கும் மாதம் ஒரு பரீட்சை உண்டு: நாற்பது படம் காட்டிப் பேர் கேட்பது. யார் எந்தக் குழு என்பதை ஒட்டிய கவருக்குள் இருக்கும் எண்தான் முடிவு செய்யும். இதில் ஒரு குற்றமும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். "ரெண்டாம் குழுன்னா காத்திருக்கணும், காத்திருக்க இஷ்டமில்லேன்னா வேற இடத்துக்குப் போகலாம்னு புரியற மாதிரி சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கு" என்று என் கைடு விஜயம்மா மேடம் படித்துப் படித்துச் சொன்னார்.

நான் ஓமனா மாமி முன்னால் கவரைப் பிரித்தேன். இரண்டு.

"ரெண்டா? அது கொள்ளாமா மக்களே?"

"கொள்ளாம் மாமி, நல்லதுதான்" என்றேன்.

நான் விளக்கியது அவ்வளவுதான். புரிந்தால் அடுத்த நாளே திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடித்துவிடுவார்கள், எனக்கு ஒரு ஆள் குறையும். ஆறு வருஷமாகியும் ஆய்வு முடியவில்லை என்று எனக்குத் தூக்கமில்லாத காலம் அது. "நீ காட்டுற இடத்துல போட்டாப் போதும்லா" என்று மாமி தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

முதல் பரீட்சையில் நாற்பது படத்தில் ஒன்றுக்கும் பேர் வரவில்லை. வாழைக்குலைப் படம் வந்தபோது மட்டும் மாமா தொண்டையைச் செருமினார். "ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்" என்று மடமடவென்று வந்து விழுந்தது. அவரே திகைத்துப் போனார். மாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியது இப்படித் தானாக வரும். அதைப் பிடித்துக்கொண்டு பைய வேறு வார்த்தைக்குக் கூட்டிப் போகலாம். 'நல்ல அறிகுறி, இங்கிருந்து தொடங்கலாம்' என்று நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு மூடி வைத்தேன்.

மாமிக்கு அந்தப் பரீட்சைதான் வைத்தியம். நான் போகிற நாளில் மாமாவைக் குளிப்பாட்டி, தேய்த்த சட்டை போட்டு உட்கார வைத்திருப்பாள். நான் படத்தைக் காட்டுவேன். சரியா தப்பா என்று முகத்தில்கூடக் காட்டக்கூடாது, அது விதி. மாமாவுக்கு வியர்த்துக் கொட்டும். நாற்பதும் முடிந்தால் எனக்குச் சாயா வரும், கிளம்பும்போது ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸ் வரும். அதையும் வாங்கிக்கொண்டு வருவேன், வெட்கங்கெட்டவள்.

இரண்டாவது மாதம் மாமா ஐந்து படத்துக்குப் பேர் சொன்னார். குடை, பசு, சாவி, சட்டை, மீன். நான் அதிர்ந்துபோய் மாமியைப் பார்த்தேன். மாமி சிரித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். பழைய கல்யாண அழைப்பிதழ்களைச் சதுரம் சதுரமாக வெட்டி, பேப்பரிலும் காலண்டரிலும் கிடைத்த படங்களை அதில் ஒட்டியிருந்தாள். "நீ செய்யுறதைப் பாத்து நானும் தெனம் செய்யுதேன். சொல்லல்லேன்னா நான் சொல்லிக் கொடுப்பேன். கொள்ளாமா?"

கொள்ளாம் மாமி, ரொம்பக் கொள்ளாம் என்று அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கோ வரைபடத்தில் இரண்டாம் குழுவின் கோடு மேலே ஏறுவதுதான் கண்ணில் தெரிந்தது.

"இதெல்லாம் இப்போ செய்யாண்டாம் மாமி" என்றேன். "இப்பவே கஷ்டப்படுத்தினா மூளை தளர்ந்து போகும். நான் சொல்லும்போ செய்தாப் போதும்."

மாமியின் முகம் வெளிறிவிட்டது. "எனக்க தெய்வமே, தெரியாம செய்துட்டேனே" என்று டப்பாவை மூடி அலமாரிக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு படத்துக்கும் பேர் வரவில்லை. முதல் குழுவின் கோடு ஏறியது, இரண்டாம் குழுவின் கோடு தரையோடு போயிற்று. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குத்தான் டில்லியில் கை தட்டினார்கள். மாமா ஒருத்தர் தேறியிருந்தால் என் ஆய்வு ஒன்றும் கவிழ்ந்திருக்காது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடிவு அப்படியேதான் வந்திருக்கும். அதை நினைத்தால்தான் சோறு இறங்குவதில்லை.

ஓணச் சந்தைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். 'ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்' வந்ததாம். கேட்ட விலையைத் திருப்பிச் சொல்ல வரவில்லையாம். கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். இப்போது மனு என்று ஒருத்தர் விளிக்கிறார். மாமா பக்கத்தில் நின்று இடது கையால் குலையைத் தூக்கிக் காட்டுகிறார். மூன்று மாதம் கழித்துத் தர வேண்டிய பயிற்சிக்கு நான் நாலு நாள் போனேன். பிறகு "ஆய்வைச் சமர்ப்பிச்சிட்டு வாறேன் மாமி" என்றேன். சமர்ப்பித்தேன், பட்டம் வாங்கினேன், பரிசு வாங்கினேன், போகவில்லை.

இன்று மதியம் மூன்று மணிக்குப் போனேன். மாமா புது வேட்டி கட்டி நாற்காலியில் இருந்தார். மாமி அவருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"மாமி, நீங்க இன்னைக்கு மேடைக்கு வராண்டாம்."

"ஏன் மக்களே? இவரு காலத்தே எழும்பி இருக்காரு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கவர், இரண்டு என்றால் என்ன, மூன்று மாதம் எதற்கு என்று ஒன்றையும் விடவில்லை. மாமியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"அப்போ நீ மாசாமாசம் வந்து செய்தது?"

"பரீட்சை மாமி."

"வைத்தியம் இல்லியா?"

"இல்ல."

"நான் வெட்டி ஒட்டினது?"

"அதாக்கும் மாமி வைத்தியம்."

மாமி சீப்பை வீசி எறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது.

"இவருக்க மூளையை நானாக்கும் கெடுத்தேன்னு ரெண்டு வருஷமா விளக்கு முன்ன நின்னு அழுது கரையுதேன், தெரியுமாட்டீ உனக்கு? எனக்க கையால கெடுத்தேன்னு! அந்த டப்பாவைக் கண்டாலே எனக்கு விறைக்கும். ஊரெல்லாம் உன்னைக் கொண்டாடிட்டு நடந்தேனே. நீ ஒரு பெண்ணாட்டீ?"

எனக்கு அது தெரியாது. நான் சொன்ன பொய் மாமாவை மட்டும்தான் கெடுத்தது என்று நினைத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அப்போது மாமா இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். இரண்டு பேரும் திரும்பினோம். கவர் பிரித்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை நான் எல்லாவற்றையும் மாமியிடம்தான் பேசியிருக்கிறேன், மன்னிப்புக் கேட்க வந்ததுகூட அவளிடம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாம் புரிகிற மனிதர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நான்..." என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒருதரம்" என்றார். மடமடவென்று வரவில்லை, நிறுத்திச் சொன்னார். ஒரு விரலைக் காட்டினார். "ரெண்டுதரம்." இரண்டாவது விரல். மூன்றாவது விரலும் நீண்டது. "மூணு..."

அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். பழகிய வார்த்தை தானாக வெளியே வரப் பார்த்தது, அவர் விடவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. மாமி எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தாள், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"மூணு... மா... மாசம்."

"எனக்க தெய்வமே!" என்று மாமி அலறினாள். "கேட்டியா? பேசிட்டாருல்லா! மாசம்னு சொன்னாருல்லா!" என்னை அடிக்க நின்றவள் என் கையையே பிடித்து உலுக்கினாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. மூன்று விரலையும் மடக்காமல், சந்தையில் விலை கேட்டு நிற்பது போல என்னையே பார்த்தார். நான் எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கேட்கிறார். ஒன்றாம் தேதியும் ஜெர்மனியும் ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து போயின.

"தாறேன் மாமா" என்றேன். "மூணு மாசம். இன்னைக்கு முதல் தினமும் வாறேன்."

விரல்கள் மெதுவாக மடங்கின. சிஜு போன் பண்ணினான், வண்டி அனுப்பட்டுமா என்று. "மாமன் மொமெண்டோ தர வர மாட்டாருலே. நான் வாறேன், எனக்கு மைக்கில ஒரு காரியம் சொல்லணும். ஜங்ஷன்ல வச்ச பெரிய போர்டை இப்பவே இறக்கினாலும் சரிதான்" என்று வைத்தேன்.

அதற்குள் மாமி ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்கிவிட்டாள். முந்தானையால் தூசியைத் துடைத்து என் மடியில் வைத்தாள். சண்டை தீரவில்லை, முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. ஆனாலும் குரல் தணிந்து கேட்டாள்.

"மூணு மாசம் செய்தா, வாற ஓணத்துக்கு இவரு பழையபடி விளிச்சிருவாருல்லா?"

ஆமா மாமி என்று நாக்கு நுனி வரை வந்தது. மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"தெரியாது மாமா" என்றேன். "கொஞ்சம் வரும். அன்னைக்கே தொடங்கியிருந்தா விளிச்சிருப்பீங்க."