மானாவாரிக் கஞ்சா

பம்ப் செட்டை விற்றுவிடப் போவதாக ஷாமா சொன்னதும், ஸல்லாம் வாயில் இருந்த புதினா டீயை அப்படியே துப்பிவிட்டான்.

"உனக்கென்ன வெயில் கியில் அடிச்சிருச்சா?"

"அடிச்சது எனக்கில்ல, செடிக்கு. போன ஜூலையில பாத்தேல்ல? தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, எழவு வீடு மாதிரி நின்னுச்சுங்க. கிணத்துல தண்ணி இல்லாம பம்ப்ப வச்சுக்கிட்டு என்ன பண்றது? தலைமாட்டுல வச்சுப் படுக்கவா?"

ஸல்லாம் அவள் கணவன். அவன் பாப் பெர்ரெத் மலையூருக்கும் ஷெஃப்ஷாவன் நகரத்துக்கும் நடுவே பழைய மெர்சிடிஸ் ஒன்றை ஷேர் டாக்ஸியாக ஓட்டுகிறவன். தோட்டம் ஷாமாவின் பொறுப்பு. கஞ்சா பயிரிட அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்ததும், அந்த மலைச் சரிவில் இருந்த வீடுகளெல்லாம் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்துவிட்டன. போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டால் காட்டுக்குள் ஓடிய காலம் போய்விட்டது. இப்போது எண்ணெய் எடுக்கும் கம்பெனி லாரியே வீட்டு வாசலுக்கு வந்தது. ஆனால் எல்லாரும் பயிரிட்டது வெளிநாட்டு ஒட்டு ரகம். ஆள் உயரம் வளரும், மகசூல் அள்ளிக் கொடுக்கும், மாடு மாதிரித் தண்ணீர் குடிக்கும். வருஷா வருஷம் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. ஊருக்குக் கீழே இருந்த ஊற்று மே மாதமே வறண்டுவிடும். அதற்கப்புறம் பெண்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கித்தான் குடிநீர் கொண்டுவர வேண்டும்.

ஷாமா மனதில் நாட்டு ரகம் இருந்தது. குளிர்கால மழையில் விதைத்தால் போதும், பனியையும் மண் ஈரத்தையும் குடித்தே ஆகஸ்டில் அறுவடைக்கு வந்துவிடும். மானாவாரிப் பயிர். அதன் விதை மட்டும் அந்தச் சரிவில் யாரிடமும் இல்லை. ஒட்டு ரகம் வந்ததும் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

விதை கடைசியில் முடிதிருத்தும் மீமூனின் கடையில் கிடைத்தது. அவர் கடைச் சுவர் முழுக்கக் கூண்டுகள். கூண்டுகளுக்குள் சிவப்பு முகமும் மஞ்சள் இறகுமாகப் பாடும் குருவிகள். அவற்றுக்கு அவர் போடும் தீனியை ஷாமா உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். பொடியாக, வரிவரியாக, பளபளவென்று இருந்தது. நாட்டுக் கஞ்சா விதை. சந்தேகமே இல்லை.

"இது எங்க கிடைச்சுது, ஸி மீமூன்?" என்று மரியாதை போட்டுக் கேட்டாள்.

"மேல் மலையில என் பொண்டாட்டி ஊரு. அவங்க ரகத்த மாத்தவே இல்ல. வேற விதை போட்டா என் பிள்ளைங்க மூஞ்சியத் திருப்பிக்குது."

"ஒரு மூட்டை கொடுங்க. என்ன விலைன்னாலும் சொல்லுங்க."

"பிள்ளைங்க சோத்த விப்பாங்களாம்மா?"

ஷாமா எவ்வளவோ கெஞ்சினாள். மனுஷர் மசியவில்லை. அப்போது அவர் பார்வை வாசலில் நின்ற ஸல்லாம் மேல் விழுந்தது. ஸல்லாமின் மீசை அந்த வட்டாரத்தில் பிரபலம். இரண்டு பக்கமும் புதர் மாதிரி இறங்கி, டீ குடிக்கும்போது முதலில் அதுதான் குடிக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதில் கத்தி பட்டதில்லை.

"பல வருஷமா இத எடுக்கணும்னு எனக்குக் கை அரிக்குது," என்றார் மீமூன் மெதுவாக. "என் கடை வாசல்லயே டாக்ஸிய நிறுத்திட்டு, இந்தக் காட்டோட திரியிறான். என் தொழிலுக்கே அவமானம். அத எடுக்கவிட்டா மூட்டை உனக்கு."

ஷாமா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஸல்லாம் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான்.

"முடியவே முடியாது!"

"யோவ் ஸல்லாம். அது மறுபடி வளரும்யா. கிணறு வளருமா?" என்றாள் ஷாமா.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். மீமூன் குருவிகளோடு சேர்ந்து பாடிக்கொண்டே சிரைத்தார். வேலை முடிந்ததும் கண்ணாடியில் தெரிந்த ஆளை ஸல்லாமுக்கே அடையாளம் தெரியவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது அவனுடைய நாயே அவனைப் பார்த்துக் குரைத்தது.

பிப்ரவரியில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் ஷாமா விதைத்தாள். அதற்கு முன்பே சரிந்து கிடந்த கல்வரப்புகளை எடுத்துக் கட்டி, ஆட்டுப்புழுக்கையைக் கொட்டி உழுதிருந்தாள். வரப்போரம் அவரை விதை ஊன்றினாள். ரசாயன உரம் ஒரு பிடிகூட வாங்கவில்லை. மேல் தோட்டத்தில் நின்று அவளுடைய மூத்த கொழுந்தனார் அயாத் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஸல்லாமின் அண்ணன். பெருத்த உடம்பு, உரத்த குரல். ஊரிலேயே ஆழமான கிணறும் பெரிய டீசல் என்ஜினும் அவருடையவைதான்.

"என்ன லல்லா ஷாமா, கோழிக்குத் தீனி எறைக்கிறியா?" என்று மரியாதைப் பட்டத்தோடு கிண்டலடித்தார்.

"ஆமா ஸி அயாத். நீங்களும் வாங்க, உங்களுக்கும் ரெண்டு பிடி போடறேன்."

கீழே ஆடு கட்டிக்கொண்டிருந்த அயாத்தின் மனைவி யாம்னா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அயாத் முறைத்ததும் ஆட்டுக்குட்டியைத் திட்டுவதுபோல் பாவனை செய்தாள்.

மே மாதம் அயாத் நட்ட ஒட்டு நாற்றுகள் ஜூன் முடிவதற்குள் அவர் மார்பளவு வந்துவிட்டன. கரும்பச்சை நிறம், கையகல இலை. ஷாமாவின் செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. ஒல்லியாக, வெளிறிய பச்சையில், கல்லிடுக்கெல்லாம் முளைத்து நின்றன. சங்கத்தில் சிலர் அவளிடம் அனுதாபமாகப் பேச ஆரம்பித்தார்கள். அனுதாபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் போய், செடியோரம் மண்ணை விரலால் நோண்டிப் பார்ப்பாள். இரண்டு விரல் ஆழத்தில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தை மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டு நிம்மதியாக ரொட்டி சுடப் போவாள்.

ஜூலையில் கீழைக்காற்று அடிக்க ஆரம்பித்தது. அடுப்பு வாயைத் திறந்ததுபோல் பகலெல்லாம் அடித்தது. அத்தி இலைகள் சுருண்டன. அயாத்தின் என்ஜின் விடியலிலிருந்து அந்தி வரை கத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் குழாயில் தண்ணீருக்குப் பதில் சேறு துப்பியது. அவர் செடிகள் மதியத்தில் துவண்டு, மாலையில் நிமிர்ந்து, பிறகு மாலையிலும் நிமிராமல் போயின. பக்கத்திலேயே ஷாமாவின் ஒல்லிச் செடிகள் ஒன்றும் நடக்காததுபோல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பூ விட ஆரம்பித்து, தொட்டால் விரலில் பிசின் ஒட்டியது.

ஷாமாவுக்கு உள்ளூரக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் மேலே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மனுஷரைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றவில்லை.

"அண்ணே, அத விட்டுருங்க," என்று முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் சொன்னாள். "கிணறு கொஞ்சம் ஊறட்டும்."

"நீ உன் குருவித் தீனியப் பாரு!"

மறுநாள் காலையில் என்ஜின் கத்தவில்லை. அதைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலைக் காணோம். அயாத் கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டினார். வைக்கோலைக் கிளறினார், கழுதைச் சேணத்தை உதறினார், அக்கம்பக்கத்தாரை எல்லாம் திருடன் என்றார். யாம்னாவும் கூடவே தேடினாள். கோழிக்கூட்டுக்குள்கூடத் தலையை விட்டுப் பார்த்தாள்.

அன்று மாலை யாம்னா வேலியோரம் ஷாமாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற தடித்த கம்பளிக் கச்சையைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினாள். உள்ளே ஹேண்டில்.

"அடி அக்கா!"

"சத்தம் போடாதடி. குனிஞ்சா விலாவுல குத்துது. ஆனா அந்த ஆளு பேச்சக் கேக்குற ஜாதியில்ல. ஆட்டுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, இவருக்கு செடிக்குப் பாய்ச்சணுமாம்."

"தெரிஞ்சா கொன்னுருவாரு."

"என்னையா? எனக்கு ரொட்டி சுடத் தெரியும், அவருக்குத் தெரியாது. கொல்ல மாட்டாரு."

அயாத் ஊரெல்லாம் ஹேண்டில் தேடி அலைந்தார். அந்தப் பழைய என்ஜினுக்குப் பொருந்துவது எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ஸல்லாமின் டாக்ஸியில் ஷெஃப்ஷாவனுக்கே கிளம்பினார். அன்று ஸல்லாம் ஓட்டியதுபோல் மெதுவாக வாழ்க்கையில் ஒருபோதும் ஓட்டியதில்லை. வழியில் நின்ற ஆடுகளுக்கெல்லாம் வழிவிட்டான். யாம்னாவின் இடுப்பு ரகசியத்தை ஷாமா அவனிடம் சொல்லியிருந்தாள்.

அவர்கள் போன அன்று பகலில், கீழே இருந்து ஒரு பெண் கத்தினாள். யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஷாமா ஓடினாள். ஊற்றின் கல் தொட்டி அருகே எல்லாப் பெண்களும் நின்றிருந்தார்கள். பாறை இடுக்கில் ஈரம் பளபளத்தது. பிறகு சொட்டியது. கொஞ்ச நேரத்தில் விரல் தடிமனில் ஒழுக ஆரம்பித்தது. ஜூலை மாதத்தில்! அயாத்தின் கிணறு அந்தப் பாறைக்கு நேர் மேலே இருந்தது. அவர் அங்கே உறிஞ்சாமல் விட்ட தண்ணீர்தான் இங்கே வந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. கழுதைகள் முதலில் முட்டிக்கொண்டு வந்தன. தொட்டி நிறைந்ததும் கம்பளங்களைத் துவைக்கத் தூக்கிவந்து கொட்டினார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீரை இறைத்தார்கள். குஞ்சம் வைத்த ஓலைத் தொப்பிகள் தண்ணீரில் மிதந்தன. ஷாமா முழங்கால் வரை நனைந்து, சோப்பு நுரையில் கம்பளத்தை மிதித்துக்கொண்டே சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் அயாத் வந்து சேர்ந்தார், கையில் புது ஹேண்டிலோடு.

பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் தொட்டியைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், நிமிர்ந்து தன் கிணற்றைப் பார்த்தார். யாம்னா மெதுவாகக் கச்சையை அவிழ்த்து, பழைய ஹேண்டிலை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"இந்தா, ரெண்டாச்சு. இனிமே ரெண்டு கையாலயும் சுத்து. சுத்துனா இந்தத் தண்ணி நின்னுரும். என்ன செய்யணும்னு நீயே முடிவு பண்ணு."

அயாத்தின் கழுத்து சிவந்தது. "நாலஞ்சு நாளா இடுப்புலயா வச்சிருந்த? அதான் ராத்திரி திரும்பிப் படுக்கவே மாட்டேன்னியா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஷாமாவுக்கு அடக்க முடியவில்லை. ஒரு வாளித் தண்ணீரை அள்ளி, யோசிக்காமல், மூத்த கொழுந்தனார் தலையிலேயே கொட்டிவிட்டாள். கொட்டின பிறகுதான் அவளுக்கு பயம் வந்தது.

அயாத் தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட அப்படியே நின்றார். நாக்கை நீட்டி உதட்டை நக்கிப் பார்த்தார்.

"ஜில்லுனு இருக்கே," என்றார். பிறகு புது ஹேண்டிலைத் தூக்கிப் புதருக்குள் வீசிவிட்டு, செருப்போடு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். அவருடைய சிரிப்பு எதிர்ச் சரிவு வரை கேட்டிருக்கும்.

அவருடைய செடிகளில் பெரும்பாலானவை அந்த வருஷம் தேறவில்லை. அது அவருக்கு வலித்தது, ஷாமாவுக்கும் தெரியும். "வர்ற பிப்ரவரிக்கு விதை நான் தர்றேன், உங்க கல்வரப்ப மட்டும் இப்பவே கட்டிருங்க," என்றாள். அவரும் மறுநாளே கல் சுமக்க ஆரம்பித்தார். கல் அடுக்குவதில் மனுஷருக்கு நல்ல கை. ஷாமா கட்டியதில் இரண்டு இடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டு, "இப்படிக் கட்டுனா ஆடு தும்முனாலே விழும்" என்று பழையபடி கத்தினார்.

ஆகஸ்டில் அறுவடை. மகசூல் ஒட்டு ரகத்தின் அளவுக்கு வராது என்பது தெரிந்ததுதான். ஆனால் கம்பெனியிலிருந்து வந்த பெண் பூவைக் கசக்கி முகர்ந்துவிட்டு, இன்னொரு தடவை முகர்ந்தாள். "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் போடுவீங்க?" என்று கேட்டாள். ஷாமா பதில் சொல்வதற்குள் சங்கத்துப் பெண்கள் பாதிப் பேர் கையைத் தூக்கிவிட்டார்கள்.

அன்று பிற்பகல் ஷாமாவும் யாம்னாவும் கட்டுகளை மொட்டைமாடியில் காய வைத்தார்கள். கை, தலைத்துணி, மூக்கு நுனி எல்லாம் பிசின். கீழே அயாத் அவரைப்பருப்புக் கஞ்சிக்கு ஆலிவ் எண்ணெய் கேட்டுக் கூப்பாடு போட்டார். "எழுந்து எடுத்துக்கோ, கையில ஹேண்டிலா மாட்டியிருக்கு?" என்று யாம்னா மேலிருந்தே கத்தினாள். பிறகு இடுப்பில் கை வைத்து நின்று, தலையை நிமிர்த்தி, மலைப் பெண்கள் பாடும் அந்த நீண்ட குரலில் பாட்டை எடுத்தாள். ஷாமா சேர்ந்துகொண்டாள். பள்ளத்தாக்கு முழுக்க அது போய் விழுந்தது. அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, எதிர்ச் சரிவில் முகம் தெரியாத யாரோ ஒருத்தி அடுத்த அடியை எடுத்துப் பாடினாள்.