வெறும் வயிறு

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அந்த மனுஷனுக்கு அவருடைய அக்கா வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பெண்டாட்டி செத்ததிலிருந்து அவர் யார் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட வராமல் இருந்துவிட்டார். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூச்சம், அவ்வளவுதான். வராதவரை எத்தனை தடவை கூப்பிடுவது? அவர்களும் விட்டுவிட்டார்கள். அவருக்கு மூன்று வேளையும் கடை டீயும் பன்னும்தான்.

அப்படிப்பட்டவர், அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது, சொந்தத்தில் யாராவது ஒரு துண்டு கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று கேள்விப்பட்டதும் தானாகப் போய் நின்றார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அக்கா மகளுக்கு ரத்த வகை சேரவில்லை, இவருக்குச் சேர்ந்தது. ஸ்கேன் ஒன்றுதான் பாக்கி. இவர் தேறாவிட்டால் வேறு ஆள் கிடையாது.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். போகிற வழியில் அக்கா வீட்டில் நுழைந்து அவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததுதான் வினை. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றுச் சமாசாரம் அக்கா மகளுக்குத் தெரியாது, அவள் எதுவும் கேட்கவும் இல்லை. தட்டைப் போட்டு, சுடுசோறும் பருப்பும் பொரித்த முட்டையும் வைத்து, சாப்பிடுங்கள் மாமா என்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரவேண்டுமே! ஒருத்தி எதிரே நின்று பரிமாறி எத்தனை காலம் ஆயிற்று! மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது கண் கலங்கியது. முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டார்.

ஏதாவது சாப்பிட்டீர்களா என்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டாக்டரம்மா கேட்டபோது, இல்லை என்று தலையாட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள், அதற்குள் ஸ்கேன் முடிந்தாக வேண்டும். சோறு போட்ட பிள்ளைக்குப் பழி வேறு வரும்.

விலா எலும்புக்கு நடுவே கருவி டக் டக் என்று தட்டியது. கல்லீரல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். டாக்டரம்மா முகம் சுருங்கியது. இவ்வளவு கெட்டியான கல்லீரலை யாருக்கும் கொடுக்க முடியாது என்றார். படுத்திருந்தவர் மனசில் ஒன்றுதான் ஓடியது. அக்கா போய்விடுவாள், தின்ற சோறு அவளைக் கொன்றுவிடும்.

டாக்டரம்மா விடவில்லை. ஜெல்லைத் தடவிப் பக்கத்தில் இருந்த பித்தப்பையைப் பார்த்தார். அது சுருங்கிக் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவருக்கு, மறைக்கப் பார்த்ததே சோறு!

"பட்டினியா இருந்தா பித்தப்பை நிறைஞ்சிருக்கணும். நீங்க சாப்பிட்டிருக்கீங்க. சாப்பிட்டா ஈரலுக்கு ரத்தம் பாஞ்சு கெட்டியாத்தான் காட்டும். எதுக்கு பொய் சொன்னீங்க?"

"எங்க அக்கா மக சோறு போட்டா. வேணாம்னு சொல்ல முடியலை."

டாக்டரம்மா திட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். நாளைக் காலையில் வாருங்கள், பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று அனுப்பினார். பட்டினி கிடக்க அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

சாயங்காலம் அக்கா மகள் போன் செய்தாள். காலையில் சாப்பிட வாருங்கள், நேரத்திலேயே சமைத்து வைக்கிறேன் என்றாள். காரணத்தைச் சொன்னால் தன்னால்தான் கெட்டது என்று குமைந்துபோவாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"பரவால்ல மாமா. நீங்க எப்பவும் இப்படித்தானே" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு பேச்சு அவரைத் தூங்கவிடவில்லை. பசியெல்லாம் அதற்கு எம்மாத்திரம்?

மறுநாள் பித்தப்பை நிறைந்திருந்தது. எண் இறங்கியது. கல்லீரல் பஞ்சு மாதிரி இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லி டாக்டரம்மா ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தார். முதலில் போய்ச் சாப்பிடுங்கள் என்றார்.

வெளியே வந்தார். எதிரே டீக்கடை, கண்ணாடிக்குள் பன். இத்தனை வருஷம் போன கால் அங்கேதான் இழுத்தது. வேலை இருக்கிறது என்று சொன்ன வாயால் இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது? அக்காவுக்கு ஈரலைக் கொடுக்க யோசிக்காத மனுஷன், போனைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு யோசித்தார். பிறகு அக்கா மகளைக் கூப்பிட்டார்.

"இன்னும் சாப்பிடலைம்மா. வரவா?"

"வாங்க மாமா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. ஊமைக்கோட்டான் வாய் திறந்து சோறு கேட்டது அதுதான் முதல் தடவை.