முப்பத்தோராம் திகதிக்குள் ஒரு பல்

1

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் வேலை நேரத்தில் எழுதினேன். மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரத்துப் பிளாசா ஒன்றில் இருக்கும் பல் வைத்திய நிலையத்தில் வரவேற்பு மேசை என்னுடையது. வாரத்தில் மூன்று நாள். வேலையில் பாதி, காப்புறுதி நிறுவனங்களுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டுக் காத்திருப்பது. மறுமுனையில் ஒரே பியானோ. நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு குரல் வந்து, 'உங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது' என்று பொய் சொல்லும். அந்தப் பொய்க்கும் அடுத்த பொய்க்கும் இடையில்தான் எனக்கு எழுத்து ஓடும். ஆகையால் சில வசனங்கள் நடுவில் அறுந்து கிடந்தால், ஏதோ புதுமை செய்கிறாள் என்று நினைக்க வேண்டாம். மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று

(பார்த்தீர்களா.)

2

தொடக்கம் மூன்று தரம் எழுதினேன்.

முதலாவது: 'கனடாவில் வைத்தியம் இலவசம். பல்லும் கண்ணும் மட்டும் உடம்பில் சேர்த்தி இல்லை.' கட்டுரை வாடை அடிக்கிறது என்று வெட்டிவிட்டேன். ஆனால் நீங்கள் வாசித்துவிட்டீர்கள், எனக்கு அதுவே போதும்.

இரண்டாவது: 'கோணேஸ்வரியின் கண்களில் நீர் திரண்டது.' சுத்தப் பொய். கோணேஸ்வரி அக்கா அழுது நான் கண்டதில்லை. அவர் சிரித்தால் பக்கத்துச் சலூனில் முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிடுவார்.

மூன்றாவது: 'கோணேஸ்வரி அக்காவின் முன்பல் எள்ளுருண்டையில் உடைந்தது.'

இதுதான் நடந்தது. சரஸ்வதி பூசைக்கு அவரே பிடித்த உருண்டை, பாகு முறுகிவிட்டது. அக்கா திருகோணமலைக்காரி. ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் எட்டு வருடமாகப் பொதி செய்கிறார். எங்கள் டொக்டர் வேரோனிக்கா பல்லின் நரம்பை எடுத்து, அளவெடுத்து, தற்காலிகப் பல் ஒன்றை ஒட்டிவிட்டார். அதன் மேல் மாட்டும் உண்மையான பல்லுறையை, கிரவுனை, அஜக்ஸில் உள்ள பல் செய்யும் லாப் செய்து அனுப்ப வேண்டும். 'நவம்பர் மூன்றாம் திகதி வாங்கோ அக்கா' என்று துண்டில் எழுதிக் கொடுத்தவள் நான்.

மூன்று நாள் கழித்து அக்காவுக்குத் தொழிற்சாலைக் கடிதம் வந்தது. வாரத்துக்குச் சராசரி இருபது மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்பவர்களுக்கு ஒக்டோபர் முப்பத்தொன்றுடன் காப்புறுதி முடிகிறது. அக்காவுக்குக் கோடையிலிருந்தே பத்தொன்பதரை மணித்தியாலம்தான் கொடுக்கிறார்கள். கிரவுனைக் கைக்காசில் கட்டுவதானால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கட்டாமல் விட்டால் ஓட்டைப் பல்லோடு திரிய வேண்டும். தற்காலிகப் பல்லை நம்பவும் முடியாது. ஒரு தரம் தேநீரில் கழன்றது, இன்னொரு தரம் அஜக்ஸில் ஒரு பிறந்தநாள் வீட்டுப் பாயசத்தில்.

(அரசாங்கத்தின் பல் திட்டம் வந்துவிட்டதே என்று பின்வரிசையில் ஒருவர் கை உயர்த்துகிறார். வந்துவிட்டது. அக்காவின் கணவர் சொந்தமாக ட்ரக் ஓடுகிறார். அவருக்குக் காப்புறுதி தர முதலாளி என்று யாரும் இல்லை. ஆனால் இருவர் வருமானத்தையும் கூட்டினால் திட்டத்தின் வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. கையை இறக்கலாம்.)

3

இனி ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம்.

கிளிபோட், காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசி எடுப்பவர். அளவெடுத்த திகதி செல்லாது, பல் பொருத்திய திகதி முப்பத்தொன்றைத் தாண்டினால் ஒரு சதமும் வராது என்று அறிவித்தவர். கதைக்கு வில்லன் கிடைத்துவிட்டான் என்று பேனையைத் திறந்தேன். 'கிளிபோட்டின் குரலில் ஈரமே'

ஆனால் அந்த மனிதர் தொலைபேசியை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "மேடம், நானும் பார்ட்-டைம்தான். எனக்கே பல்லுக்குக் காப்புறுதி இல்லை. உங்கள் டொக்டர் புது ஆட்களைப் பார்ப்பாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காப்புறுதி நிறுவனத்தில் இருப்பவனுக்கே காப்புறுதி இல்லை என்று எழுதினால் அளந்துவிடுகிறாள் என்பீர்கள். வெட்டத்தான் போனேன். பிறகு, பல் வைத்தியரிடம் வேலை செய்யும் எனக்கும் அது இல்லை என்பது நினைவுக்கு வந்தது. (என் பல்லை டொக்டர் சும்மா பார்த்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக்கு யாரிடம் போவது? அதன் இடதுபக்கக் காலை நூலால் கட்டியிருக்கிறேன்.) கிளிபோட் இருந்துவிட்டுப் போகட்டும். வில்லன் இல்லாமலே சமாளிப்போம்.

4

ஒக்டோபர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. காப்புறுதி முடியப்போகிறது என்றால் நம் சனம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். கிடக்கிற பல்லையெல்லாம் அன்றைக்கே அடைத்துவிட வேண்டும். முதல் வரைவில், தொழிற்சாலையிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள் என்று எழுதியிருந்தேன். டொக்டர் வேரோனிக்கா வாசித்துவிட்டு, "நாப்பது பேருக்கு ஒரு நாளில அடைக்க நான் என்ன மெஷினா, கௌசி?" என்றார். எனவே அக்காவோடு சேர்த்து ஏழு பேர். எங்களிடம் கதிரைகள் ஆறு.

அந்தத் தொழிற்சாலையில் பகுதிநேர ஆட்களுக்கு ஆளுக்கொரு லொக்கர் கிடையாது. காலையில் வருபவருக்கும் மாலையில் வருபவருக்கும் சேர்த்து ஒன்று. ஒருவர் வெளியேறி அரை மணித்தியாலம் கழித்துத்தான் மற்றவர் உள்ளே போவார். மூன்று வருடமாக ஒரே கொக்கியில் சட்டை தொங்கவிட்டும் முகம் பார்த்திராதவர்கள், அன்று என் மேசைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்களே நாப்பத்திரண்டாம் லொக்கர்?" என்றார் அமிர்தநாதர். அறுபது வயதுக்காரர், காலை வேலை.

"ஓம், நாப்பத்திரண்டுதான். அந்த நோவுக்குப் பூசுற எண்ணெய் மணம் உங்கடயா? என்ட சட்டையெல்லாம் மணக்குது!" என்றார் மாலை வேலைக்காரியான கோணேஸ்வரி அக்கா.

"அப்ப வெள்ளிக்கிழமையில கடலை வைக்கிறது நீங்களோ? நான் ஆரோ மறந்து விட்டிட்டுப் போகினம் எண்டு சாப்பிட்டிட்டன்."

"மூண்டு வருசமாவா மறப்பாங்க!"

அக்கா சிரித்த சிரிப்பில் தற்காலிகப் பல் மூன்றாம் தரமாகக் கழன்று அமிர்தநாதரின் மடியில் விழுந்தது. அவர் அதைக் கைலேஞ்சித் துணியில் எடுத்து, பவ்வியமாகத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. மூன்று பிள்ளைகளின் தாயான மயூரி கேட்டார். "உங்களுக்குக் கிழமைக்கு எத்தினை மணித்தியாலம் தருகினம்?"

"பத்தொன்பதரை."

"எனக்கும் பத்தொன்பதரை."

ஏழு பேருக்கும் பத்தொன்பதரை. அதுவரை ஒவ்வொருவரும் அது தன் குறை என்று நம்பியிருந்தார்கள். வயது போய்விட்டதென்று குறைத்தார்கள் என அமிர்தநாதர். ஆங்கிலம் போதாதென்று கோணேஸ்வரி அக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் வேலைக்குப் போகாமல் நின்றதால் என்று மயூரி. வீட்டில்கூட வெட்கத்தில் சொல்லவில்லையாம். கவலையோடு ஒரு குதூகலமும் எனக்கு வந்ததை மறைக்கமாட்டேன். நேரம் பிரித்து ஒருவரை ஒருவர் காணாமல் வைத்திருந்த ஆட்களை, ஒரு திகதியைப் போட்டு அந்தத் தொழிற்சாலையே ஓர் அறைக்குள் அனுப்பி வைத்திருந்தது.

"என்ட பல்லு என்ன பார்ட்-டைமாவா கடிக்குது?" என்றார் அக்கா.

கடிதம் எழுதுவோம் என்று முடிவாயிற்று. பிளாசாவில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி மாகாணச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம். "செய்யிற மணித்தியாலத்துக்கு அளவாத் தரச் சொல்லிச் சட்டம் போடட்டும். அரை வேலைக்கு அரைக் காப்புறுதியெண்டாலும் வேணும்," என்றார் அமிர்தநாதர். "அது காணாது அங்கிள். கம்பனியோட ஒட்டிக்கொண்டு நிக்காமல் காப்புறுதி ஆளோட வரோணும்," என்றார் மயூரி. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினேன். என் வாழ்க்கையில் திருத்தமே இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிய படைப்பு அதுதான்.

5 (இந்தப் பகுதியை எழுதாமல் விட நினைத்தேன்)

மாலை நாலரை. ஆறு பேருக்கும் அடைத்து முடிந்துவிட்டது. விறைப்பு ஊசியில் கன்னம் தொங்க, யாரும் வீட்டுக்குப் போகாமல் அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். கிரவுன் இன்னும் வரவில்லை. லாப்பிலிருந்து அதைக் கொண்டுவரும் வினோதன் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னும் மோர்னிங்சைட் தாண்டேல்லை. முன்னால அக்சிடன்ட்," என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னான்.

நாங்கள் ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும். அமிர்தநாதர் மேசையில் சாய்ந்து, விறைத்த வாயால் பாடுபட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பிள்ளை. திங்கள் வந்தாலும். திகதியை. முப்பத்தொண்டு எண்டு. போடன்."

வாசகரே, நான் கதை எழுதுகிறவள். இல்லாத திகதியில் இல்லாத ஆட்களை நடமாட விடுவதுதான் என் பிழைப்பு. காப்புறுதிப் படிவத்தில் ஓர் எண்ணை மாற்றுவது எனக்குப் பெரிய காரியமா? மூன்றாம் திகதி என்று முதலில் எழுதியவள் நான் என்ற குற்ற உணர்வு வேறு. கை படிவத்தின் மேல்தான் இருந்தது.

"வேணாம் பிள்ளை," என்றார் அக்கா. "பத்தொன்பதரை எண்டு கணக்காப் போட்டது அவங்கட கெட்டித்தனம். அதுக்காக நாம கள்ளராகிறதா? பல்லு வந்தா வரட்டும். வராட்டி ஓட்டையோட போய்த்தான் அந்தக் கடிதத்தக் குடுப்பன். அவங்க பாக்கட்டும்."

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) பல் ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வருகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

ஆ) பல் திங்கட்கிழமை வருகிறது. அக்கா அதைப் பார்த்துவிட்டு (இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

இ) நடந்தது. வினோதன் ஐந்து பத்துக்கு ஓடி வந்தான். டொக்டர் வேரோனிக்கா இருபது நிமிடத்தில் பொருத்தினார். படிவத்தில் முப்பத்தொன்று என்று எழுதினேன். அது உண்மையாகவே முப்பத்தொன்றாக இருந்தது. இப்படி மகிழ்ச்சியாக ஒரு திகதியை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை.

அக்கா கண்ணாடியில் பல்லைப் பார்த்தார். வீட்டுக்குப் போயிருக்கலாம், அவருடைய காரியம் முடிந்துவிட்டது. ஆனால் சுற்றிப் பார்த்தால், ஆறு பேருக்கும் வாய் விறைத்துக் கிடக்கிறது. நரம்பு எடுத்த பல்லுக்கு ஊசி தேவையில்லை. பேசக்கூடிய வாய் அவருடையது மட்டும்தான். ஆங்கிலம் போதாது என்று நாலு மாதம் வெட்கப்பட்ட வாய்.

"எங்க அந்தக் கடிதம்?" என்றார்.

அன்று ஹலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டு இனிப்பு வாங்கப் போகும் நாள். வெளியே பிளாசா முழுக்கப் பேய்களும் இளவரசிகளும். உறுப்பினரின் அலுவலகம் ஆறு மணிவரை பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. பூனைக்காது வைத்த ஓர் இளம்பெண், கன்னம் வீங்கி, கடைவாயில் எச்சில் வழிய, வரிசையாக உள்ளே வந்த பெரியவர்களைப் பார்த்தாள். வேஷம் பிரமாதம் என்று ஆங்கிலத்தில் பாராட்டி, இனிப்புக் கிண்ணத்தை நீட்டினாள்.

ஆறு பேரால் சிரிக்க முடியவில்லை. கோணேஸ்வரி அக்கா அவர்களுக்கும் சேர்த்துச் சிரித்தார். பிறகு கடிதத்தை அந்தக் கிண்ணத்துக்குள், சொக்லேட்டுகளின் மேல் வைத்தார். "நோ காண்டி, மகள். ரீட். வீ வெயிட்," என்றார். அந்தப் பெண் பூனைக்காதைக் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

7

அடுத்த வசனம் என்னிடம் இல்லை. அ, ஆ, இ என்று எத்தனை எழுதினாலும், வாரத்தில் மூன்று நாள் வேலை செய்யும் ஒருத்தி ஒரு சட்டத்துக்கு முடிவு எழுத முடியாது. அதை அந்தக் கதவுக்கு உள்ளேதான் எழுத வேண்டும். அவர்கள் ஏழு பேரும் அங்கே நிற்கிறார்கள். எட்டாவதாக, மூக்கில் நூல் கட்டிய கண்ணாடியோடு நான். எனக்குப் பின்னால் இடம் இருக்கிறது. உங்கள் வாய் விறைக்கவில்லைத்தானே?