குட் மார்னிங் சொல்லாத திங்கட்கிழமை

நீதிமன்றம் எனக்குக் கொடுத்த காகிதத்தில் எட்டு விதிகள் இருந்தன. ஏழு விதிகளை நான் தூக்கத்தில்கூடக் கடைப்பிடிப்பேன். எட்டாவதுதான் என் உயிரை எடுத்தது.

முதலில் என் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவில் இந்தக் குவாவ் ஊர்க்காரர்கள் வாயால் கேட்டால் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள். என் பெயர் ஹெர்மினா மொடெஸ்ட். ஜாதிக்காய்க் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறேன். என் வீட்டுக்கும் அக்னெட்டா ஃபிரான்சீக் வீட்டுக்கும் நடுவில் ஒரு சீமைப்பலா மரம் நிற்கிறது. வேர் என் பக்கம், கிளை அவள் பக்கம். வருடக்கணக்காக அவள் துரட்டி போட்டுப் பறிப்பாள், நான் முணுமுணுப்பேன். போன வருடம் ஜூலையில் ஒரு நாள், நான் ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கென்று கண் வைத்திருந்த காயை என் கண் முன்னாலேயே இழுத்தாள். வாய் தடித்தது. கீழே கிடந்த இன்னொரு காயை எடுத்து எறிந்தேன். வேலியைக் குறிவைத்தேன் என்று போலீசிடமும் கோர்ட்டிலும் சொன்னேன். உங்களிடம் எதற்குப் பொய்? அவளைத்தான் குறிவைத்தேன். அவள் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது.

மூன்று மாதச் சிறை என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. ஆனால் முதல் குற்றம் என்பதால் உடனே உள்ளே அனுப்பவில்லை. ஒரு வருடம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் ஒழுங்காக இருந்துவிட்டால் அந்த மூன்று மாதமும் இல்லாமல் போகும். ஒரு விதியை மீறினாலும் அது அப்படியே முழுசாக என்னைத் தேடி வரும். கிடங்கில் மூன்று மாதம் வரவில்லை என்றால் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் இருக்கும் அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். வேலையை விடக்கூடாது. சொல்லாமல் வீடு மாறக்கூடாது. அனுமதி இல்லாமல் தீவை விட்டுப் போகக்கூடாது. குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்யக்கூடாது. அலுவலர் எப்போது வந்தாலும் கதவைத் திறக்க வேண்டும். அவரிடம் உண்மையே பேச வேண்டும். எட்டாவது: அக்னெட்டாவிடம் வாயாலோ கடிதத்தாலோ பிறர் மூலமாகவோ ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

என் அலுவலர் மிஸ்டர் கலிஸ்ட் முட்டிவலிக்காரர். எங்கள் மேட்டில் ஏறி வந்ததும் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்துக்குப் பிறந்தவர். ஒரு மாம்பழம் கொடுத்தால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"வேண்டாம் மிஸ் ஹெர்மினா. நாளைக்கே உங்களப் பத்தி நல்லதா எழுதினா, மாம்பழத்துக்காக எழுதினேன்னு சொல்லுவாங்க."

"மாம்பழத்துக்கு நல்லதா எழுதுறவரு, கேக்குக்கு என்னதான் எழுதுவீங்க?"

சிரிப்பார், எடுக்க மாட்டார். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வருடத்தில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மாதம் ஒரு தடவை ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க, கோபம் வந்துச்சா, வந்தப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டு, பதிலை எழுதிக்கொள்கிறார். என் புருஷன் இருந்தவரைக்கும் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆனால் எட்டாவது விதி. பக்கத்து வீட்டுக்காரியை வைத்துக்கொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? அதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் ஊரில் வழியில் எதிர்ப்படுகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் போனால் அது காறித் துப்புவதற்குச் சமம். அதனால் அவள் தலை தெரிந்தாலே நான் ஓடைப் பாதையில் இறங்கிவிடுவேன். ஞாயிறு பூசைக்கு ஐந்தரை மணிக்கே போனேன். எட்டு மாதம் இப்படிக் கண்ணாமூச்சி ஆடி ஓட்டினேன்.

மார்ச் மாதத் திங்கட்கிழமை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் எல்லோருக்குமாக, "குட் மார்னிங்!" என்றேன். தலை சீவுகிற மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமா அது?

பஸ் முழுக்க, "குட் மார்னிங்" என்று திரும்பி வந்தது. அதில் ஒரு குரலைக் கேட்டதும் சட்டென்று திரும்பினேன். டிரைவர் லெனாக்ஸுக்குப் பின்னால், தொப்பியும் பையுமாக அக்னெட்டா உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக மகன் வண்டியில்தான் தோளைக் காட்ட மருத்துவமனைக்குப் போவாள். வண்டி பழுதாம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளும் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். செயின்ட் ஜார்ஜஸ் வரைக்கும் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அலுவலகத்தில் உட்கார்ந்ததும் மிஸ்டர் கலிஸ்டிடம் கொட்டிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும் புகார் குடுக்கலயே. நீங்களா ஏன் சொன்னீங்க?"

"உங்ககிட்ட உண்மைதான் பேசணும்னு ஏழாவதுல போட்டிருக்கே சார்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "சொன்னது நல்லது. ஆனா சொன்னதுக்கப்புறம் நான் எழுதாம இருக்க முடியாது. இது எழுத்து மூலமான எச்சரிக்கை. இன்னொரு தடவை ஆச்சுன்னா மாஜிஸ்திரேட் முன்னாடி போயிரும். அங்க அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப அவ பஸ்ஸுல இருந்தா நான் என்ன சார் பண்றது?"

"வாயத் திறக்காதீங்க. அவ்வளவுதான்."

நகரத்துக்காரர், சொல்வது சுலபம். அவளை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் வணக்கம் சொல்ல முடியுமா? பஸ் என்ன, வேண்டாததை ஒதுக்கிவிட்டுத் தட்டில் எடுத்து வைக்கிற மீனா?

ஏப்ரல் திங்கட்கிழமை பஸ்ஸில் கால் வைத்தேன். அதே இடத்தில் அதே தொப்பி. மகன் வண்டி இன்னும் சரியாகவில்லை போல. இறங்கிவிட்டால் ஒன்பது மணிக்கு ஆஜராக முடியாது, அது முதல் விதி. பேசினால் எட்டாவது விதி. உதட்டை இறுக்கிக்கொண்டு ஏறிப் பின் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

பஸ் அப்படியே அமைதியானது. லெனாக்ஸ் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"ஹெர்மினாக்கா, நாக்க வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாத்தீங்களா?" என்றாள் சேப்பங்கிழங்குக் கூடையோடு இருந்த பெண். "அந்தக் காலத்து மனுஷின்னு நெனச்சேன். பன்றிக் கொட்டகைக்குள்ள நுழையற மாதிரி நுழையுறா!"

"விடும்மா," என்றார் ஒரு மீன்காரர். "கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தா பெரிய ஆளாயிடுவாங்க போல."

காரணத்தைச் சொல்லலாம் என்றால், அக்னெட்டா காது கேட்கச் சொன்னால் அது பிறர் மூலமாகப் பேசியதாகாதா? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னை மரியாதை தெரியாதவள் என்று சொன்னதில்லை. கோபக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள், அது உண்மை. அக்னெட்டா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லத் தெரியாத ஒரு பார்வை. பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மிஸ்டர் கலிஸ்ட் பாதிப் படியில் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் ஏறி வந்தார். கையில் கடிதம்.

"மிஸ் அக்னெட்டா கோர்ட்டுக்கு மனு குடுத்திருக்காங்க. உங்களப் பத்தி. வெள்ளிக்கிழம நீங்க வரணும்."

"நான் ஒண்ணுமே பேசலயே சார்! பஸ்ஸே சாட்சி!"

"என்ன எழுதியிருக்காங்கன்னு எங்கிட்ட சொல்லல. நேருல சொல்லிக்கிறேன்னாங்களாம்."

அன்று ஒரு பையில் இரண்டு உடுப்பும் பல் துலக்கும் பிரஷும் வைத்தேன். கோழிகளை அத்தை மகளிடம் விட்டேன். கிடங்கில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் என் நாற்காலித் தலையணையைக் கொடுத்து, "யாரையும் உக்கார விடாத," என்றேன். மூன்று மாதம் அந்தத் தலையணையை யார் காப்பாற்றுவார்கள்?

வெள்ளிக்கிழமை அக்னெட்டா ஈஸ்டர் தொப்பியோடு வந்திருந்தாள். மாஜிஸ்திரேட் அம்மா மனுவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"மிஸ் ஃபிரான்சீக், இவங்க உங்கள என்ன பண்ணாங்க?"

"பஸ்ஸுல ஏறி குட் மார்னிங் சொல்லல மேடம்."

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லக்கூடாதுன்னுதானே நான் உத்தரவு போட்டிருக்கேன்? உங்க பாதுகாப்புக்குத்தானே?"

"என் பாதுகாப்பா? ஊரே பாக்க, நான் ரோட்டுல படுத்துக் கெடக்குற நாய் மாதிரி என்னத் தாண்டிப் போறா. அது பாதுகாப்பா மேடம்? சண்ட போடாதன்னு சொல்லுங்க, சரி. அடிக்காதன்னு சொல்லுங்க, ரொம்பச் சரி. ஆனா இந்த உத்தரவு வர்ற வரைக்கும் முப்பது வருஷத்துல இவ எனக்கு குட் மார்னிங் சொல்லாத நாளே கெடையாது. தோள ஒடச்ச அன்னிக்குக்கூட, குட் மார்னிங் அக்னெட்டான்னு சொல்லிட்டுத்தான் காய எறிஞ்சா!"

கோர்ட்டில் யாரோ பின்னால் குபீரென்று சிரித்தார்கள். போலீஸ்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையில் பல் துலக்கும் பிரஷோடு பை இருந்தது.

"மிஸ் மொடெஸ்ட், அன்னிக்கு அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம்," என்றேன். "சொல்லாம எப்படி சண்ட போடறது?"

மிஸ்டர் கலிஸ்ட் எழுந்து, நானே வந்து முதல் தவறைச் சொன்னதையும், ஒன்பது மாதம் ஒரு திங்கட்கிழமையும் தவறவில்லை என்பதையும் படித்தார். மாம்பழம் வாங்காததன் அருமை அன்று புரிந்தது. மாஜிஸ்திரேட் அம்மா எட்டாவது விதியை எடுத்து, பொது இடங்களில் வழக்கமான வணக்கம் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கூடாது என்று மாற்றினார்.

"குட் மார்னிங், குட் நைட். போதுமா மிஸ் ஃபிரான்சீக்?"

"குட் ஆஃப்டர்நூனும் சேத்துக்குங்க மேடம். சில நாள் மதியம் வெளிய போவேன்."

சேர்த்தார்கள். காகிதத்தில் முத்திரையோடு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

மீதி மாதங்களில் நான் அந்த மூன்று சொற்களை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன். அவள் தோள் வலிக்கிற நாளில் மெதுவாகச் சொல்வேன். அவளுக்குப் பேரன் பிறந்த நாளில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன். ஓடைப் பாதையில் இறங்குவதை விட்டேன். கடைசித் திங்கட்கிழமை மிஸ்டர் கலிஸ்ட் என் வழக்குக் கோப்பை மூடிக் கை கொடுத்தார். பையில் இருந்து மாம்பழத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கதவைப் பார்த்துவிட்டு இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வேலி ஓரம் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"குட் மார்னிங், அக்னெட்டா."

"குட் மார்னிங், ஹெர்மினா."

அதற்கு மேல் பேச இப்போது அனுமதி இருந்தது. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"தோளு எப்படி இருக்கு?"

"மழ வந்தா வலிக்கும்."

"நான் வேலியக் குறிவைக்கலடி. உன்னத்தான் வச்சேன். கோர்ட்டுல பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிரு."

அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"தெரியும்டி. நீ வேலின்னு சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முப்பது வருஷமா உன்னப் பாக்குறேன், உன் குறி என்னைக்குத் தப்பியிருக்கு?"

பிறகு சுவரில் சாய்த்திருந்த துரட்டியை எடுத்து இடது கையால் வேலிக்கு மேலே நீட்டினாள்.

"மேல ரெண்டு முத்தியிருக்கு. என்னால கைய அவ்வளவு தூக்க முடியல. நீ பறி. பறிச்சுட்டு கையில குடு."

கையில்தான் கொடுத்தேன்.