ஐந்நூற்றுக்குப் பதின்மூன்று குறைவு

அக்காவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் ஒரு யூனிட் குறைகிறது, சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும் என்று மாமா போனில் சொன்னபோது, தங்கைக்காரி கொஞ்சம் கர்வத்தோடுதான் பதில் சொன்னாள். "கவலைய விடுங்க மாமா. ரத்தம் குடுக்கிறவங்களத் தேடுற தளமே நான் கட்டினதுதான்."

தேடினாள். பழைய பட்டியலிலிருந்து மூன்று பெயர்கள் வந்தன. இருவரின் எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாமவர் காலமாகிவிட்டதாக அவர் மகன் மரியாதையாகத் தெரிவித்தார்.

"புது முகாம்ல அத்தனை பேர் பதிஞ்சாங்களே, அதுல ஒருத்தர் கூடவா இல்ல?" என்றார் மாமா.

சந்தேகம் தட்டித் தன் பெயரையே தேடிப் பார்த்தாள். அப்படி யாரும் இல்லை என்றது திரை. ஒன்பது நாளைக்கு முன், தளத்தின் திறப்புவிழா முகாமில் தானும் பதிந்தபோது, 'உங்கள் பெயர் சேர்ந்துவிட்டது, நன்றி' என்று அவளுக்கே செய்தி வந்ததே!

அந்த விழாவில் இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். எதைக் கேட்டாலும் 'மின்னல் வேகம்' என்று சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு மின்னல் என்றே பெயர். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினால் தேடல் சர்வர் திணறும். அதனால் நடுவில் ஒரு ப்ராக்ஸி சர்வர் நின்று, ஐந்நூறு பெயரை மூட்டையாகக் கட்டி ஒரே நடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று விளக்கிவிட்டு, "விநாடிக்கு லட்சம் பேர் வந்தாலும் அசராது" என்று முடித்தார். பலத்த கைத்தட்டல். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் மட்டும் வந்தால் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நிரலை எழுதிய தங்கைக்காரியும் கேட்டுக்கொள்ளவில்லை.

ப்ராக்ஸியைத் திறந்து பார்த்தாள். காத்திருப்பவர்கள்: 487.

ஐந்நூறு சேர்ந்ததும் கிளம்பு என்று எழுதியிருந்தாள். சேராவிட்டால் எத்தனை நேரம் பொறுப்பது என்று எழுத மறந்திருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி உள்ளே உட்காரவைத்துவிட்டு, மீதிப் பேருக்காக ஒன்பது நாளாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சர்வர்.

பின்னால் வந்து நின்ற மின்னல் விஷயத்தை முழுக்கக் கேட்டார். "இவ்ளோதானே? ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்று அவரே கையை நீட்டினார்.

"கைய எடுங்க சார். எல்லாரும் இன்னும் மெமரிலதான் இருக்காங்க. அணைச்சா ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க."

சார் என்ற சொல் ஒன்றுதான் அந்த வாக்கியத்தில் மரியாதையாக இருந்தது.

இன்னும் பதின்மூன்று பேர் வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் பதிய ஆரம்பித்தாள். மேஜை. நாற்காலி. அலமாரி. குப்பைக்கூடை.

"என்னம்மா இது, மேஜை ரத்தம் குடுக்குமா?"

"குடுக்காது சார். எண்ணிக்கைக்கு ஆகும். விழாவுக்குக் கூட்டம் சேர்த்தோமே, அந்த மாதிரி."

பதின்மூன்றாவதாகப் பூச்சாடி போய்ச் சேர்ந்ததும் மூட்டை கிளம்பியது. மறுபடியும் தேடினாள். ஓ நெகட்டிவ், புதிதாக ஒரே ஒருவர். பட்டங்களே ஒன்றரை வரிக்கு ஓடின. கடைசியில் இருந்த பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மின்னல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களா? அரை மணி நேரமா இங்கதான நிக்கிறீங்க."

"அது போட்டோவுக்குப் பதிஞ்சதும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு ஊசின்னா ஆகாது."

அவள் பிழைக்கு ஒரு காரணமாவது இருந்தது, மறதி. போனில் மாமா கூப்பிட்டார். "ஆள் கிடைச்சாச்சாம்மா?"

"கிடைச்சாச்சு மாமா. எங்க சாரே வர்றேன்னுட்டார். கையோட கூட்டிட்டு வரேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார் மின்னல். "எவ்ளோ நேரம் ஆகும் சிஸ்டர்?"

"பத்து நிமிஷம் சார்."

"கொஞ்சம் வேகமா ஆகாதா?"

"பை நிறையற வரைக்கும் பொறுத்துதான் ஆகணும்" என்றாள் நர்ஸ்.

தங்கைக்காரி பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பை நிறைகிறவரை நகரவில்லை.