ஸ்பேனர் எடுத்து வைத்த விதை

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் அவருடைய சொந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். அவள் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள்.

நெஞ்சு வலியை நாலு மாதம் வாயுத் தொல்லை என்று சொல்லிச் சமாளித்தார். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்க" என்று அவள் கத்தினாள். "வருஷா வருஷம் பின்வாசல்ல பூசணி போடுறவனுக்கு அது கூடவா தெரியாது?" என்றார். ஐந்தாவது மாதம் ஒரு நாள், பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்க்கப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அலமாரியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. மேலே அவருடைய கோணல் எழுத்து: 'நல்ல காய். அடுத்த வருஷத்துக்கு.' உள்ளே பதினெட்டு பூசணி விதைகள். ஒன்றைக்கூட மீதி வைக்காமல் பின்வாசல் மண்ணில் ஊன்றினாள். பதினாறு முளைத்தன. அத்தனைக்கும் இடம் போதாது. மதமதவென்று வந்த மூன்றை மட்டும் விட்டுவிட்டு, நோஞ்சானாய் நின்றவற்றைப் பிடுங்கி எறிந்தாள்.

மூன்று கொடியில் பதினொரு காய். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பதம் வந்ததும் நாத்தனாரை வரச் சொன்னாள். ஸ்பேனரின் ஒரே தங்கை அவள்.

காலையிலிருந்து இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அறுத்தார்கள். ஒருத்தி பிளந்து தோல் சீவ, இன்னொருத்தி நாரோடு விதையை வழித்தெடுத்து, சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசினாள். வழவழப்புப் போன விதைகளைத் தட்டுத் தட்டாகப் பரப்பினார்கள். வேகவைத்து மசித்து டப்பாவில் அடைத்துக் ஃப்ரீசரில் வைத்தால் ஆறு மாதத்துக்கு வரும். பதினொன்றையும் அறுத்து முடித்த பிறகுதான் முதல் பானை அடுப்பேறியது.

நாத்தனார் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். முகம் கோணியது. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள்.

"அண்ணி, என்ன இது? வேப்பங்காயாட்டம் கசக்குது!"

"உப்பு கூடிருச்சா?"

"நீங்களே பாருங்க."

அவள் நுனி நாக்கில் வைத்தாள். கசப்பு தொண்டைவரை இறங்கியது. சர்க்கரை போட்டுப் பார்த்தாள், போகவில்லை. ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான்.

விதைக் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"சாப்பிட்டுறாதீங்கம்மா, வயித்தக் கலக்கி விட்டுரும்" என்றார் அவர். "போன வருஷம் பக்கத்துல அலங்காரப் பூசணி ஏதாவது இருந்துச்சா? தேனீ அந்தப் பூவுக்கும் இந்தப் பூவுக்கும் போய் உக்காந்தா விதை கலந்துரும். அந்த வருஷம் காய் நல்லாதான் இருக்கும், அந்த விதையில வர்றதுதான் கசக்கும். கலப்பு விதைதான் வேகமா வேற வளரும்."

"அப்ப இந்த விதை?"

"இதுவும் ஆகாதும்மா. தூக்கிப் போட்டுருங்க."

அவள் போனை வைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"போன வருஷம் கோடு போட்ட குட்டிப் பூசணி இருந்துச்சே, தையல் கடையில அழகுக்கு அடுக்கி வைக்க. அதால வந்த வினையாம். நான்தான் ஆசைப்பட்டு வாங்கினேன். உங்க அண்ணன்தான் கம்பு நட்டுக் கட்டிவிட்டாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"நோஞ்சானா நின்னதுல ஒண்ணாவது நல்லதா இருந்திருக்கும். பிடுங்கினதும் நான்தான்."

நாத்தனார் விதைத் தட்டுகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "வேற விதை வாங்கிப் போடலாம்" என்றாள்.

"வாங்கலாம்."

பின்வாசலில் இருவரும் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். துண்டுகளையும் பானையில் இருந்ததையும் கொட்டினார்கள். விதைகளை அப்படியே போட்டால் முளைத்துவிடும். அதனால் அவள் அவற்றை ஒரு பாத்திரத்தில் வாரிப் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். அப்போதுதான் அழுதாள். நாத்தனார் தோளைத் தொட்டபோது, "விடும்மா, ஆவி கண்ணுல பட்டுருச்சு" என்றாள்.

அடுத்த வருஷம் அவள் எந்த விதையும் வாங்கவில்லை. பின்வாசலில் துணி காயப்போட இடம் தாராளமாகக் கிடைத்தது.